முட்டுறை: நெகிழியின் முறிவும் கூடலும்

முட்டு என்னும் தமிழ்ச்சொல் ஒன்றுக்கொன்று எதிரான இரு வினைகளைத் தன்னுள் கொண்டது. காளை வேலியை முட்டுகிறது என்னும்போது அது மோதலைக் குறிக்கும். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம் என்னும்போது அதே சொல் தாங்குதலைக் குறிக்கும். மகிழுந்தின் முகப்பிலும் பின்புறத்திலும் குறுக்காக அமைந்து, மோதலைத் தானே ஏற்று, ஏற்றதைத் தாங்கித் தணிக்கும் உறுப்பொன்று உண்டு. மக்கள் அதனைப் பம்பர் என்கின்றனர். இரு வினையும் ஓருறுப்பில் கூடுவதால், இரு பொருளும் கூடிய முட்டு என்னும் சொல்லே அதன் பெயருக்கு வேராகத் தக்கது. ஆகவே முழுத் தொகுதியை முட்டுத்தாங்கி என்றும், அதன் கூறுகளை அவ்வேரிலிருந்து கிளைக்கும் பெயர்களாலும் இக்கட்டுரை வழங்கும்.

முட்டுத்தாங்கி மூன்று அடுக்குகளால் ஆனது. கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள நெகிழித் தோல், அது முட்டுறை. அதன் பின்னே நுரைத்த நெகிழியாலான மெத்தை, அது முட்டுத்திண்டு. அதற்கும் பின்னே ஊர்தியின் உடற்சட்டகத்தோடு பிணைந்த எஃகுக் குறுக்குச் சட்டம், அது முட்டுச்சட்டம். உறை, காற்றுக்கு வழிவிடவும் சிறு உரசலை ஏற்று மீளவும் அமைந்தது. திண்டு, தான் நசுங்கி மோதலின் ஆற்றலை உண்பது. சட்டம், எஞ்சியதை உடற்சட்டகத்துக்குப் பகிர்ந்தளிப்பது. 1,000 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து மணிக்கு 8 கிலோமீட்டர் விரைவில் ஊர்கையில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,500 யூல். விரைவு இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகி 10,000 யூலை நெருங்கும். மெல்லிய மோதலைத் திண்டே முடித்துவிட, வலிய மோதலில்தான் எஃகு வளைகிறது.

மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதன் குழப்பத்தைப் பட்டறை வாயிலில் நின்றால் நாளும் கேட்கலாம். "பம்பர் போச்சுண்ணே" என்று வருபவர் சொல்வது உறையின் விரிசலை. கழற்றிப் பார்த்த பட்டறைக்காரர் "பம்பர் போயிருச்சு தம்பி" என்று திரும்பச் சொல்வது உள்ளே வளைந்துகிடக்கும் சட்டத்தை. இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி இருவேறு விலைகளை எண்ணிக்கொண்டிருப்பர். முட்டுறை, முட்டுத்திண்டு, முட்டுச்சட்டம் என மூன்று பெயர்கள் இருப்பின் இவ்வழக்கு அரை மணித்துளியில் தீரும். கலைச்சொல் என்பது மொழிப்பற்றின் அணிகலன் மட்டுமே என்பார் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பெரம்பலூரும் அரியலூரும் இவ்வுறுப்பைக் கடுமையாகச் சோதிக்கும் நிலங்கள். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நான்குவழிப் பெருஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுச் செல்கிறது. அரியலூரைச் சுற்றியோ சுண்ணக்கல் குழிகளுக்கும் பைஞ்சுதை ஆலைகளுக்கும் இடையே சரக்குந்துகள் ஓய்வின்றி ஓடுகின்றன. பைஞ்சுதை என்பது சிமெண்டுக்குரிய நற்றமிழ்ப் பெயர். சரக்குந்தின் சக்கரத்தில் சிக்கித் தெறிக்கும் கல்லும், அறுவடை நாளில் சாலையோரம் காயும் மக்காச்சோளத்துக்கு எல்லையாக வைத்த கருங்கல்லும், இருளில் எழும் விரைவுத்தடையும் முட்டுறையைத் தேடி வருவன போலவே தோன்றும். தமிழ்நாட்டுப் பதிவெண் 46-ஐயோ 61-ஐயோ தாங்கிய பழைய மகிழுந்து ஒன்றின் கீழுதட்டைத் தடவிப் பார்த்தால், அது சென்ற வழிகளின் குறிப்பேடு விரலுக்குத் தட்டுப்படும்.

முற்காலத்தில் இவ்வுறுப்பு முழுதும் எஃகாக இருந்தது. 2014 வரை உருவான அம்பாசிடர் வண்டியின் வெள்ளிபோல் மின்னும் முட்டுத்தாங்கியைக் கண்டவர் பலர். அது நசுங்கினால் தகட்டுக் கொல்லர், பட்டறை வழக்கில் டிங்கர், உள்ளிருந்து தட்டி நிமிர்த்துவார். மாழைகள், அதாவது உலோகங்கள், அடிக்கு இணங்கி உருமாறும், உருமாறியும் உடையாதிருக்கும். நெகிழி அடிக்கு இணங்குவதில்லை, வெப்பத்துக்கு இணங்கும். சுத்தியல் ஏந்திய கை வெப்பக்கோலை ஏந்த நேர்ந்ததே இத்தொழிலில் நிகழ்ந்த பெருமாற்றம். அதன் கோட்பாட்டை அறிய நெகிழியின் உள்ளமைப்புக்குள் புக வேண்டும்.

சிறு மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து ஆயிரக்கணக்கில் நீளும் தொடரே பல்லுறுப்பி. அத்தகைய நெடுந்தொடர்கள் உண்மையில் உள்ளன என்று 1920-இல் செருமானிய வேதியியலார் எர்மன் சுட்டாடிங்கர் எழுதியபோது உடன்தொழிலாளர் பலர் ஏற்கவில்லை. 1953-இல்தான் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அதே ஆண்டு கார்ல் சீக்லர் புதிய வினையூக்கி ஒன்றைக் கண்டார். அவ்வழியைப் பின்பற்றி 1954-இல் இத்தாலியின் சியூலியோ நாட்டா, புரோப்பிலீன் என்னும் வளியைச் சீரான நெடுந்தொடராக்கினார். இன்றைய முட்டுறைகளிற் பெரும்பாலானவற்றின் முதற்பொருளாகிய பல்புரோப்பிலீன் அதுவே. இருவரும் 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

இங்கே ஒரு செய்தி தமிழர்க்கு இனிப்பது. அத்தொடரில் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் ஒரு சிறு கிளை நீட்டிக்கொண்டிருக்கும். கிளைகள் யாவும் ஒரே பக்கம் நின்றால் தொடர்கள் நெருங்கி அடுக்கிப் படிகமாகிப் பொருள் வலிமை பெறும். முறையின்றி நின்றால் பொருள் பிசுபிசுத்த மெழுகாகும். இவ்வமைப்புகளுக்குக் கிரேக்க வேர்களிலிருந்து பெயர் வகுத்துத் தந்தவர் நாட்டாவின் துணைவியார் உரோசித்தா பெயாத்தி. அவர் பயின்றது இலக்கியம். இலக்கியம் கற்றவர் தம் மரபின் பழஞ்சொல்லை எடுத்து மூலக்கூற்றுக்குச் சூட்டினார். நம்மிடமோ யாப்பு தந்த சீர் என்னும் சொல் உள்ளது. கிளைகள் ஒரே பக்கம் நிற்பது ஒருசீர்த் தொடர். மாறி மாறி நிற்பது மாற்றுச்சீர்த் தொடர். முறையின்றி நிற்பது சீரிலித் தொடர். முட்டுறை ஒருசீர்த் தொடரால் ஆனது என்று சொன்னால், அசையும் சீரும் கற்ற பள்ளி மாணவருக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

நெகிழிகள் இருவகைப்படும் என்பது பழுதுநீக்கத்தின் தலையாய பாகுபாடு. வெப்பத்தில் இளகிக் குளிர்ச்சியில் இறுகி, மீண்டும் வெப்பத்தில் இளகுவன இளகும் நெகிழிகள். ஒருமுறை இறுகியபின் எவ்வெப்பத்திலும் உருகாமல் கருகுவன இறுகும் நெகிழிகள். முன்னதற்கு வெல்லப்பாகும் பின்னதற்குப் பைஞ்சுதையும் உவமை: ஆறிய பாகை அடுப்பில் ஏற்றினால் மீண்டும் பாகாகும், இறுகிய பைஞ்சுதையை நீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் குழம்பாகாது. இறுகும் வகையில் தொடர்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் விழுந்துவிடுகின்றன. பெரம்பலூரை அடுத்த நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர் ஆலை உள்ளது. டயருக்குரிய தொய்வத்தை, அதாவது ரப்பரை, கந்தகம் இட்டுச் சூடேற்றுவது அப்பிணைப்புகளை உண்டாக்கவே. முட்டுறையிலும் தொய்வம் உண்டு, அடிபட்டு உடையாமல் வளைவதற்காகக் கலந்தது. ஆனால் அதில் குறுக்குப் பிணைப்பு இல்லை. டயரை உருக்கி ஒட்ட இயலாது, முட்டுறையை உருக்கி ஒட்ட இயலும் என்பதன் விளக்கம் இவ்வளவே.

எனவே பழுதுநீக்குவோரின் முதல் வினா எங்கே உடைந்தது என்பதாக இருத்தல் கூடாது. எதனால் ஆனது என்பதாக இருத்தல் வேண்டும். விடை பெரும்பாலும் உறையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும். பிபி என்றால் பல்புரோப்பிலீன். ஈபிடிஎம் என்றால் அதனோடு கலந்த தொய்வம். டி10 அல்லது டி20 என்றால் நூற்றுக்குப் பத்து அல்லது இருபது பங்கு மாக்கல் தூள். எழுத்து தேய்ந்திருந்தால் ஒரு சிம்பை அறுத்து நீரில் இடுவது பட்டறை வழக்கம்; மிதந்தால் பல்புரோப்பிலீன் என்பர். அடர்த்தி நீருக்கு 1 எனின் தூய பல்புரோப்பிலீனுக்கு 0.9 ஆதலால் இது முறையே. ஆயினும் மாக்கல்லின் அடர்த்தி ஏறத்தாழ 2.7. பத்துப் பங்கு கலந்தால் கலவை 0.96 ஆகி மிதக்கும். இருபது பங்கு கலந்தால் 1.04 ஆகி மூழ்கும். மூழ்கியது என்று அதை வேறு நெகிழியாகக் கருதி வேறு குச்சியால் ஒட்டிய வேலை, அடுத்த விரைவுத்தடையில் பிரிந்து போவதைக் கண்டிருக்கிறேன். சிம்பைச் சிறிதே கொளுத்தி அணைத்து முகர்தல் துணைச்சான்று: பல்புரோப்பிலீன் மெழுகுதிரி அணைந்த மணத்தைத் தரும்.

இனி விரிசலின் இயல்பு. 1913-இல் ஆங்கிலப் பொறியியலார் இங்கிலிசு, இழுக்கப்படும் தகட்டில் துளையொன்று இருப்பின் அதன் விளிம்பில் தகைவு எவ்வளவு பெருகும் என்று கணித்தார். வட்டத்துளை எனின் மூன்று மடங்கு. அகலத்தைப் போல் பத்து மடங்கு நீண்ட நீள்வட்டம் எனின் அதன் முனையில் இருபத்தொரு மடங்கு. விரிசலோ அகலமே அற்ற நீள்வட்டம். அதன் கூர்முனையில் தகைவு எல்லையின்றிக் குவிகிறது. ஆகவேதான் விரல் நீள விரிசல், வண்டி நின்றிருக்கையில் வாளாவிருந்து, ஓடுகையில் அதிர்வுக்கு அதிர்வு முழ நீளம் ஆகிறது. விரிசல் முடியும் இடத்தில் சிறு வட்டத்துளை இட்டுவிட்டால் கூர்மை மழுங்கித் தகைவு தணியும். துளையிட்டு விரிசலை நிறுத்தும் இவ்வழக்கத்தைத் தட்டிப் பழகிய கைகள் எந்நூலையும் கல்லாமலே அறிந்திருக்கின்றன. உடைந்ததை மேலும் துளைப்பதா என்று அஞ்சும் உடைமையாளர்தாம் தடுப்பர்.

முறிந்ததைக் கூட்டும் வழிகள் இரண்டு: ஒட்டல், உருக்கிக் கூட்டல். பொற்கொல்லர் பற்றாசு வைத்து அணிகளை இணைப்பது ஒட்டலின் இனம். இடையே வேறுபொருள் நின்று இருபுறத்தையும் பற்றும். பல்புரோப்பிலீன் எதனையும் எளிதிற் பற்றவிடாது. அதன் மேற்பரப்பு மின்னேற்றச் சாய்வற்ற, மெழுகை ஒத்த பரப்பு. சேம்பிலை மேல் நீர் உருள்வதுபோல் பசை திரண்டு ஒதுங்கும். நொடியில் ஒட்டும் கடைப்பசைகள் விரலை ஒட்டுமே அன்றி இதனை ஒட்டா. ஆகவே உருக்கிக் கூட்டலே இதற்குரிய நெறி.

உருகிய இரு விளிம்புகள் தொட்டவுடன் இணைவு முழுமையாவதில்லை. நெடுந்தொடர்கள் நூற்கண்டின் சிக்கல்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்தவற்றின் இடையே பக்கவாட்டில் அசைய இயலாமல், தன் நீளத்தின் வழியே பாம்புபோல் ஊர்ந்துதான் நகர முடியும். 1971-இல் பிரெஞ்சு இயற்பியலார் தெ சென் இதற்குக் கணித உரு வகுத்தார். 1991-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் தேர்ந்த பெயரும் ஊர்வனவற்றிலிருந்து பிறந்ததே. நாம் அதனை ஊர்வுப் பெயர்ச்சி எனலாம். விளிம்பைக் கடந்து தொடர்கள் மறுபுறம் ஊர்ந்து அங்குள்ளவற்றோடு பின்னிக்கொள்ளும் வரை வெப்பமும் அழுத்தமும் நீடிக்க வேண்டும். 160 பாகை செல்சியசை ஒட்டி உருகத் தொடங்கும் பொருளை அதனினும் மேலே சற்று நேரம் வைத்திருக்கும் பொறுமைதான் வலிமையாக மாறுகிறது. மிகுந்து புகை எழுந்தாலோ தொடர்களே அறுந்து இணைப்பு உதிரும்.

செய்முறை இக்கோட்பாட்டின் நிழல். பின்புறத்தை மண்ணும் எண்ணெயும் போகக் கழுவி, விரிசலின் முனையில் துளையிட்டு, விளிம்புகளை ஆப்பு வடிவப் பள்ளமாகச் செதுக்கி, அதே வகை நெகிழிக் குச்சியை உருக்கி நிரப்ப வேண்டும். குச்சி கிடைக்காவிடில் காயலான் கடையில் கிடக்கும் அதே குறியிட்ட உறையிலிருந்து கீற்று அறுத்துக்கொள்வர். இதனினும் பொருத்தமான குச்சி விலைக்கும் வாராது. பள்ளத்தை ஒருபுறம் நிரப்பியபின் மறுபுறமும் செதுக்கி நிரப்புதல், பின்புறத்தில் துருப்பிடிக்காத எஃகு வலையைப் புதைத்தல் ஆகியவை வலுவூட்டும். சூடேறிய சிறு கம்பிகளை விரிசலின் குறுக்கே புதைக்கும் சூட்டுத்தையல் இன்று பரவியுள்ளது. அது முறிந்த எலும்புக்குக் கட்டும் தப்பை போன்றது. எலும்பு தப்பைக்குள் தானே வளர்ந்து கூடும், நெகிழி வளராது. தையலிட்டு மேலே பட்டி பூசி விடைகொடுக்கும் வேலை விற்பதற்கு உதவும், ஓட்டுவதற்கு உதவாது.

வெடிக்காமல் குழிந்த உறைக்கு இத்தனையும் வேண்டா. கொதிநீரை ஊற்றி உள்ளிருந்து அழுத்தினால் பெரும்பாலும் பழைய வடிவுக்கு மீளும். உருகுநிலைக்குக் கீழே தொடர்கள் தளர்ந்து, வார்த்தபோது பெற்ற கிடைக்குத் திரும்பும் பண்பு அது.

பழகிய வண்டியில் மற்றொரு தடை வெயில். புற ஊதாக் கதிர் தொடர்களை அறுத்து மேற்பரப்பை வெளுப்பாக்கிப் பொடியச் செய்கிறது. அப்பொடிமேல் உருக்கி ஊற்றியது பொடியோடு உரிந்து வரும். பளபளப்பான உட்பொருள் தெரியும் வரை சுரண்டியபின்தான் இணைக்க வேண்டும். வெளுத்த கறுப்பு உறையை வெப்பக்காற்றால் வருடிக் கறுப்பாக்கிக் காட்டும் வித்தையில் மயங்க வேண்டா. சில திங்களில் வெளுப்பு மீளும்.

பூச்சுக்கும் அதே பற்றாமைச் சிக்கல் உண்டு. நேரே நிறம் அடித்தால் அழுத்தநீர்ப் பொறி கொண்டு வண்டி கழுவும்போது தோல் தோலாக உரியும். குளோரின் ஏற்றிய பல்லுறுப்பி கலந்த அடிப்பூச்சு, பட்டறை வழக்கில் பிளாஸ்டிக் பிரைமர், ஒருபுறம் நெகிழியையும் மறுபுறம் நிறத்தையும் பற்றி இடைநிற்கும். அதனை இடைப்பற்றி என்போம். தகட்டுக்குரிய பட்டியை வளையும் உறைமேல் இடுதலும் பிழை; அது இறுகும் நெகிழி, உறை வளைய அது வளையாமல் வெடிக்கும். அப்பட்டிக்குப் பருமன் தருவன மாக்கல் தூளும் சுண்ணக்கல் தூளும். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த அரியலூர் மண்ணில், கல்லங்குறிச்சிப் பாறையில் சிப்பிகளாக உறைந்து கிடக்கும் பொருளும் அச்சுண்ணமே.

செப்பனிடுவதா மாற்றுவதா? பொருத்துக் காதுகள் பல முறிந்தாலும், துண்டுகள் தொலைந்தாலும் மாற்றுதலே நன்று. உறையின் பின்னே தொலைவுணர் அலைக்கருவி, வழக்கில் ரேடார், அமைந்த புது வண்டிகளில், பட்டியும் தடித்த பூச்சும் அலையின் வழியை மறிக்கும். அங்கும் மாற்றுதலே நெறி. மற்ற இடங்களில் நான் செப்பனிடுதலின் பக்கம். இந்திய ஊர்திக் காப்பீட்டு நெறியில் நெகிழி உறுப்பை மாற்றினால் தேய்மானமாக 50 விழுக்காடு கழிக்கப்படும், தேய்மானமில்லாக் காப்பு எடுத்திருந்தாலன்றி. 1,500 கனசென்டிமீட்டருக்கு மேற்படாத பொறியுள்ள மகிழுந்தின் உடைமையாளர் முதல் 1,000 உருபாயைத் தாமே ஏற்க வேண்டும். கோரிக்கையற்ற ஆண்டுகளால் 20-இலிருந்து 50 விழுக்காடு வரை வளரும் கட்டணச் சலுகையும் போகும். சிறு விரிசலுக்கு இவ்விழப்பு பெரிது. உறையைக் காக்கவெனத் தடித்த இரும்புக் கம்பியை முன்னே பூட்டுவதோ இன்னும் கேடு: மோதல் திண்டைத் தாண்டி உடற்சட்டகத்துக்கே நேரே பாயும், எதிர்ப்பட்ட ஆளின் எலும்பையும் நொறுக்கும். 2017 திசம்பரில் நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியும் அக்கம்பிகள் முற்றும் மறையவில்லை.

மாற்றுதலின் பேரெடுத்துக்காட்டு பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்மரமாகப் படுத்திருக்கிறது. 1940-இல் நிலப்பொதியியல் அறிஞர் எம்.எசு. கிருட்டிணன் கண்டறிந்த அக்கல்மரம் ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். மரத்தின் பொருள் சிறிது சிறிதாக நீங்க, நீங்கிய இடத்தை மணற்சத்து அப்படியே நிரப்பியதால், வடிவம் முழுதும் நின்று பொருள் முழுதும் மாறிய உடல் அது. உருக்கிக் கூட்டிய முட்டுறை அதற்கு நேர்மாறு: பொருள் பழையதே, வடிவம் மட்டும் ஒருமுறை இளகி மீண்டது.

கைமாறிய வண்டி வாங்குவோர் பூச்சின் தடிப்பை அளக்கும் கருவியோடு வருகின்றனர். அக்கருவி மாழைமேல்தான் அளக்கும், நெகிழிமேல் ஊமை. குனிந்து, கைவிளக்கால் உறையின் பின்புறத்தைப் பாருங்கள். எழுத்துக்குறியின் அருகே தையலின் வரிசையோ, உருகிய தடமோ, வலையின் பின்னலோ தெரியும். திருகுகளின் தலையில் கீறல் இருந்தால் உறை கழன்று மீண்டிருக்கிறது என்று பொருள். மாலைச் சாய்வொளியில் உறையின் நிறத்தையும் அடுத்த தகட்டின் நிறத்தையும் ஒப்பிடுங்கள்.

மீண்டும் பூட்டுகையில் ஒரு நுணுக்கம். நெகிழி எஃகைவிடப் பல மடங்கு விரியும். மார்கழி விடியலின் 20 பாகையிலிருந்து கத்திரி வெயிலில் நின்ற உடலின் 60 பாகை வரை, 1.6 மீட்டர் உறை நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு ஒரு மில்லிமீட்டரும் நீளாது. அதற்காகவே பொருத்துதுளைகள் நீள்வட்டமாக உள்ளன, கிளிப்புகள் வழுக்குகின்றன. ஆடாதிருக்க வேண்டும் என்று அவற்றைத் திருகி இறுக்கிவிட்டால் உறை நண்பகலில் அலைபோல் புடைக்கும், காதுகள் மீண்டும் முறியும். செம்மையாகப் பூட்டிய வண்டியில் உறைக்கும் தகட்டுக்கும் இடையே விடியலில் தெரியும் மெல்லிய கோடு, சுண்ணக்கல் குழியோரம் உச்சிவெயிலில் நிறுத்தியபின் பார்த்தால் மூடியிருக்கும்.